எந்தக் கோயிலுக்கு?

நாகப்பட்டினத்திலிருந்து பொன்னானி வரை, வங்கக் கடலிலிருந்து அரபிக் கடல் வரை, ஏழு நாட்களில் 480 கிலோமீட்டர் சொச்சம் நாங்கள் சைக்கிள் ஓட்டினோம். வழியெல்லாம் எங்களிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான். கால் வலிக்கவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. "எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டார்கள். டீக்கடையில், பஞ்சர் கடையில், பெட்ரோல் பங்கில் தண்ணீர் பிடிக்கும்போது, பக்கத்தில் வந்து வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்த மொபெட்காரர்களிடமிருந்து, எல்லாரிடமிருந்தும் இதே கேள்வி.

முதல் நாள் உண்மையைச் சொன்னோம். "கோயிலுக்கெல்லாம் இல்லண்ணே, சும்மாதான்." கேட்டவர் முகம் மாறிவிடும். இரண்டாம் நாள் மதியத்திலிருந்து "குருவாயூர்" என்று சொல்லத் தொடங்கினோம். பொன்னானியிலிருந்து குருவாயூர் கொஞ்ச தூரம்தான், எனவே முழுப் பொய்யும் இல்லை. அதற்குப் பிறகு எங்களுக்கு மோர் கிடைத்தது, வாழைப்பழம் கிடைத்தது, ஒரு வீட்டில் குளிக்க வெந்நீர்கூடக் கிடைத்தது.

கூட வந்த மூவரும் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவரைக் குவாரி அக்கா என்று எழுதுகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் கல் உடைத்தே வாழ்ந்தவர், கிளம்பும்போது 57 வயது. இன்னொருத்தி சத்துணவு அமைப்பாளர், என் வயதுக்காரி, என் தோழி. மூன்றாமவள் அக்காவின் கடைசி மகள். அவளுடைய சைக்கிள் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்தது. நாங்கள் மூத்தவர்கள் மூவரும் சைக்கிள் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்கு 19 வயது. தொண்டராகச் சேர்ந்தேன். சாயங்காலம் வகுப்பு. ஊருக்கு ஊர் நான்கைந்து கிலோமீட்டர், பஸ் கிடையாது. கூட்டத்துக்கு ஆண் தொண்டர்கள் சைக்கிளில் வந்துவிடுவார்கள். நாங்கள் யாராவது கேரியரில் ஏற்றிக்கொள்ள வேண்டும், அல்லது நடக்க வேண்டும். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதைக் கவனித்தார். சைக்கிள் ஓட்டப் பழகுவது எழுத்தறிவு வேலையின் ஒரு பகுதியாகவே ஆனது. பெண் தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் அவர் ஏற்பாடு செய்தார்.

நான் கற்றுக்கொண்டது பள்ளிக்கூட மைதானத்தில், நிலா வெளிச்சத்தில். அப்பாவின் பார் வைத்த சைக்கிள். விழுந்தால் வண்டி முழுசாகச் சாயாமல் இருக்கக் கேரியரில் குறுக்கே ஒரு கம்பைக் கட்டிக்கொண்டோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலைத் தூக்கி பாருக்கு மேலே போட வேண்டும். அந்த ஒரு அசைவுக்காகத்தான் அத்தனை பேச்சும் கேட்டோம். மதில் மேல் உட்கார்ந்து பாட்டுப் பாடிய பையன்களை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது, அவர்களில் இரண்டு பேர் இன்று தாத்தாக்கள்.

1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் அதிகமான பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிள் ஓட்டினோம். அந்த இயக்கக் காலத்தில் மாவட்டத்தில் சைக்கிள் கற்றுக்கொண்ட பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதி, அந்தக் கட்டுரை அவருடைய புத்தகத்திலும் இடம்பெற்றது. லேடீஸ் சைக்கிள் கடைகளில் தட்டுப்பாடாகி, பெண்கள் ஆண்கள் வண்டியையே எடுத்துக்கொண்டதையும், சிலர் அதையே விரும்பியதையும் அவர் குறிப்பிடுகிறார். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! அதே காலத்தில்தான் கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். குவாரி அக்கா கொத்தடிமையாக வேலை பார்த்த குவாரியில் கூட்டுப் பங்குதாரராக ஆனதும், சைக்கிள் பெடலில் கால் வைத்ததும் ஒரே வருஷத்தில்.

இந்தக் கதையைப் பெருமையோடுதான் எல்லா மேடையிலும் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் நாங்கள் அப்போது வீடு வீடாகப் போய் என்ன பேசினோம் என்பதை யோசித்துப் பார்க்கிறேன். "உங்க மருமக சைக்கிள் பழகினா தண்ணி சீக்கிரம் வரும். காய்கறிய சந்தைக்குக் கொண்டு போகலாம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடலாம்." எல்லாமே உண்மை. எல்லாமே நடந்தது. ஆனால் மிச்சமான நேரம் யாருக்குப் போனது என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு நடையில் ஒரு குடம் கொண்டு வந்தவள் மூன்று குடம் கொண்டு வந்தாள். பயன் என்ற ஒன்றைக் காட்டித்தான் அனுமதி வாங்கினோம். அந்த அனுமதிக்கு ஒரு கெடுவும் இருந்தது: விளக்கு வைக்கும் நேரம். எத்தனை தூரம் போனாலும் இருட்டுவதற்குள் திரும்பிவிடும் தூரம்தான் எங்கள் தூரம்.

பிற்பாடு அரசுகள் கொடுத்த சைக்கிளும் அப்படித்தான். தமிழ்நாட்டில் முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு, பிறகு பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லாருக்கும். பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு. அங்கே உயர்நிலைப் பள்ளியில் சேர்வதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி அதனால் 40 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். சின்ன விஷயமில்லை. ஆனாலும் வீடு, பள்ளிக்கூடம், வீடு.

குவாரி அக்காதான் இதை உடைத்தது. ஒருநாள் பேச்சுவாக்கில், "கடல்ல சூரியன் கெளம்பறத கோடியக்கரையில பாத்திருக்கேன். கடல்ல விழுகுறத பாத்ததில்ல, அது எங்க தெரியும்?" என்றார். கேரளாவில் என்றேன். "எவ்வளவு தூரம்?" அவர் கேட்டது பஸ் கட்டணத்தைப் பற்றி இல்லை என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது.

வரைபடத்தை விரித்தோம். நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி. அங்கிருந்து காவிரியை ஒட்டிக் கரூர். பிறகு காங்கேயம், கோயம்புத்தூர், பாலக்காடு, கடைசியில் பாரதப்புழை கடலில் கலக்கும் பொன்னானி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் மட்டும் தாழ்வான வாசல். மலை ஏறாமலே நாட்டின் குறுக்கே ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் போய்விடலாம். தை மாதத்தில் அந்தக் கணவாயில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசும், முதுகில் தள்ளும். 2019 பொங்கல் முடிந்ததும் கிளம்பினோம். சத்துணவுத் தோழி வீட்டில் கோயில் கோயிலாகப் போவதாகச் சொல்லியிருந்தாள். இன்றுவரை அந்த வீட்டில் அதுதான் கணக்கு.

நாங்கள் சாலையில் இறங்கிய வாரம் தைப்பூச வாரம். திருச்சி தாண்டியதும் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக. பச்சைப் புடவை கட்டிய பெண்கள், கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள். சாலையோரப் பந்தலில் படுத்துத் தூங்குகிறார்கள், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நடக்கிறார்கள். கூட ஆம்பிளை இருக்கிறாரா என்று அவர்களை எவரும் கேட்பதில்லை. சமயபுரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நடக்கிற பெண்களையும் அப்படித்தான் பார்த்து வளர்ந்தேன். நம் பெண்கள் வெகுதூரம் போனதில்லை, வெளியில் இரவு தங்கியதில்லை என்பது தவறு. காலங்காலமாகப் போயிருக்கிறார்கள். சாமி கூட வர வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் இரவு தங்க வேண்டிய ஊரில் மூன்று லாட்ஜ்களில் இடம் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் சாவிகள் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தன. "லேடீஸ் மட்டும்னா முதலாளி குடுக்க வேணாம்னு சொல்லியிருக்காரும்மா" என்றார் கவுண்டரில் இருந்த பையன், நல்ல மாதிரியாகத்தான். குருவாயூர் என்று சொல்லிப் பார்த்தோம். "அப்ப சத்திரம் இருக்குமே, பாருங்க." சத்திரத்தில் கல்யாணம். கடைசியில் அக்காவின் மகள்தான் வழி கண்டுபிடித்தாள். ரயில் நிலையத்துக்குப் போய், மறுநாள் காலைப் பாசஞ்சரில் அடுத்த நிலையத்துக்குப் போக ஆளுக்குப் பத்து ரூபாயில் டிக்கெட் எடுத்து, பெண்கள் காத்திருப்பு அறையில் படுத்துக்கொண்டோம். சைக்கிள்களைச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியில் கட்டினோம். கொசு. அக்கா மட்டும் நன்றாகத் தூங்கினார்.

எனக்குத் தூக்கம் வராமல் ஃபேனி புல்லக் வொர்க்மன் நினைவுக்கு வந்தார். இந்த அமெரிக்கப் பெண் தன் 38ஆம் வயதில், 1897 நவம்பரில் ஒரு நெடும் பயணத்தைத் தொடங்கினார். கணவருடன் இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா என்று இரண்டரை ஆண்டுகளில் 14,000 மைல். அதில் இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயம் வரை சுமார் 4,000 மைல் சைக்கிளில். டீத்தூள், சர்க்கரை, பிஸ்கட், டப்பா இறைச்சி, ஆளுக்கொரு போர்வை, பஞ்சர் சாமான். நம் முள்ளுக்கு ஒரே நாளில் 40 பஞ்சர்வரை ஒட்டியிருக்கிறார்கள். எலி ஓடும் அறைகளிலும், பல நேரம் ரயில் நிலையக் காத்திருப்பு அறைகளிலும் தூங்கியிருக்கிறார்கள். 1904இல் அந்தப் பயணம் புத்தகமாக வந்தது. பிற்பாடு மலையேறியாகப் பெயர் பெற்று, 1912இல் சியாச்சின் பனிப்பரப்பின் மேலே நின்று பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் தாளைப் பிரித்துப் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டவர் இவர்தான்.

அவரை நான் முழுசாகக் கொண்டாட மாட்டேன். இந்த நாட்டின் கூலிகளைப் பற்றி அவரும் கணவரும் எழுதியதில் எஜமானத் தொனி உண்டு. அவருக்குக் கதவைத் திறந்தது சைக்கிள் மட்டுமில்லை. வெள்ளைத் தோல், கூட வந்த கணவர், பின்னால் நின்ற பேரரசு. அவர் படுத்த காத்திருப்பு அறையில் அன்று என் பாட்டி நுழைந்திருக்க முடியாது. என்றாலும், 120 வருஷம் கழித்து அதே மாதிரி அறையில் கொசு அடித்துக்கொண்டு படுத்திருந்தபோது, ஒரு பெண் வெகுதூரம் போவதற்குச் சக்கரத்தைவிட முக்கியமானது இரவில் தாழிட்டுப் படுக்க ஓர் அறை என்று எனக்குத் தோன்றியது.

ஆனி லண்டன்டெரி கதை வேறு மாதிரி. அதை நினைத்தால் எனக்கு எங்கள் குருவாயூர்தான் ஞாபகம் வரும். சொந்தப் பெயர் ஆனி கோஹன் கோப்சோவ்ஸ்கி. லாத்வியாவிலிருந்து பாஸ்டனுக்குக் குடியேறிய யூதப் பெண், மூன்று சின்னக் குழந்தைகளுக்குத் தாய். 1894 ஜூனில் குழந்தைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, சைக்கிளில் உலகைச் சுற்றப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். ஒரு குடிநீர்க் கம்பெனி 100 டாலர் கொடுத்தது. அந்தக் கம்பெனியின் பெயர்தான் லண்டன்டெரி. பலகையை வண்டியில் மாட்டியதோடு பெயரையும் மாற்றிக்கொண்டார். முதலில் நீளப் பாவாடையோடு 42 பவுண்டு கனமுள்ள வண்டி. சிகாகோ போனதும் பாதிக் கனத்தில் ஓர் ஆண்கள் சைக்கிளை வாங்கி, உடையையும் மாற்றினார்.

ஏன் போகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில்: ஒரு பெண்ணால் இது முடியுமா முடியாதா என்று பாஸ்டனின் இரண்டு பணக்காரர்கள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள், அதற்காக. பத்திரிகைகள் அதை நம்பின, கூட்டம் கூடியது, காசும் சேர்ந்தது. அப்படியொரு பந்தயம் நடந்ததற்கு இன்றுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. பாதித் தூரம் கப்பலில்தான் போனார், இந்தியாவில் புலி வேட்டையாடியதாகக்கூடக் கதை விட்டார் என்று பிற்காலத்தில் எழுதுகிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று பிள்ளைகளை விட்டு 15 மாதம் போவதற்கு, "எனக்குப் போக வேண்டும் போல இருந்தது" என்ற பதிலை 1894இல் எந்த ஊர் ஏற்றுக்கொண்டிருக்கும்? இரண்டு ஆண்களின் பந்தயம் என்றால் சரி.

இதற்கு முந்தின நாளே எங்கள் நால்வரில் ஒருத்தி குறைந்துவிட்டாள். திருச்சியில் சத்துணவுத் தோழிக்கு வீட்டிலிருந்து போன். மாமியாருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, மயக்கம். எங்களில் வேகமாக ஓட்டுகிறவள் அவள்தான். முதல் நாள் திருவாரூர்ச் சாலையில் அவளைப் பிடிக்க முடியாமல் நாங்கள் மூச்சு வாங்கினோம். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுத் திண்ணையில் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது மாமியார் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். வீட்டில் கணவர், மைத்துனர், வளர்ந்த மகன், மூவரும் இருந்தார்கள்.

அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபிக்கு அவருடைய பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு வரைபடப் புத்தகமும் கிடைத்தன. சில நாட்களிலேயே இந்தியாவுக்குச் சைக்கிளில் போவது என்று முடிவு செய்துவிட்டார். கிளம்பியது 31ஆம் வயதில், 1963 ஜனவரியில். நடுவில் 14 வயதில் பள்ளியை விட்டு நின்று, முடக்குவாதத்தில் படுத்த தாயைப் பார்த்துக்கொண்டார். தாய் இறந்த பிறகுதான் அவருக்குச் சாலை திறந்தது. தனியாக டெல்லி வரை வந்த அந்தப் பயணத்தைப் படிக்கிறவர்கள் ஓநாய்களையும் துப்பாக்கியையும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த 21 வருஷக் காத்திருப்புதான் மறப்பதில்லை.

தோழிகளாகக் கிளம்பியவர்கள் என்று தேடினால் 1928இல் நியூயார்க்கின் ஐந்து கறுப்பினப் பெண்கள் இருக்கிறார்கள்: மேரிலூ ஜாக்சன், வெல்வா ஜாக்சன், எத்தில் மில்லர், லியோல்யா நெல்சன், கான்ஸ்டன்ஸ் வைட். ஈஸ்டர் விடுமுறையில் மூன்றே நாளில் வாஷிங்டன் வரை 250 மைல் ஓட்டினார்கள். முதல் நாளே ஃபிலடெல்ஃபியாவரை 110 மைல். கறுப்பினத்தவருக்கு அறை கொடுக்காத விடுதிகள் நிறைந்த காலம் அது. எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று அவர்களுக்கு வழிகாட்டும் பச்சைப் புத்தகம் வந்ததே 1936இல்தான். காரணம் கேட்டதற்கு இந்த ஐவரும் பந்தயம் என்றோ வேண்டுதல் என்றோ சொல்லவில்லை. திறந்த வெளி மீதுள்ள ஆசையால் வந்தோம் என்றார்கள். 21 வயதோ அதற்கு மேலோ ஆன பெண்கள் யாராவது இதைவிடக் குறைந்த நேரத்தில் ஓட்டிக் காட்டட்டும் என்று சவாலும் விட்டார்கள். நான் படித்த வரலாற்றில் "சும்மா" என்பதை இத்தனை நிமிர்ந்து சொன்னவர்கள் வேறு இல்லை.

வாளையாறில் எங்கள் குருவாயூர் எங்களையே கடித்தது. சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி நான்கு மாதம் ஆகவில்லை. ஜனவரி 1ஆம் தேதி கேரளம் நெடுகப் பெண்கள் கைகோத்து மதிலாக நின்றார்கள், மறுநாள் இரண்டு பெண்கள் சன்னிதானம் போய் வந்தார்கள், அதைத் தொடர்ந்து கடையடைப்பு, அடிதடி. எல்லை தாண்டி டீ குடிக்க நின்ற இடத்தில், சைக்கிளில் மூட்டை கட்டிய மூன்று பெண்களை, அதில் ஒருத்திக்கு 24 வயது, மேலும் கீழும் பார்த்தார்கள். "எந்தக் கோயிலுக்கு?" இந்த முறை அந்தக் கேள்வியில் மோர் இல்லை. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கோயிலுக்கு இல்லய்யா. கடல் பாக்கப் போறோம்" என்றார். "உங்க ஊர்ல கடல் இல்லையா?" "இருக்கு. அது அந்தப் பக்கத்துக் கடல்." யாரோ சிரித்தார்கள். டீக்கடைக்காரர் பொன்னானிக்கு ஒத்தப்பாலம், பட்டாம்பி வழியாகப் போகச் சொல்லி, வழியில் நல்ல சைக்கிள் கடை எங்கே என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு அக்கா எங்களைப் பொய் சொல்ல விடவில்லை. கணவாய்க் காற்று நான் நினைத்ததைவிட நன்றாகவே தள்ளியது. கடைசி நாள் அஞ்சு மணிக்கெல்லாம் பொன்னானிக் கடற்கரையில் இருந்தோம். ஆறே காலுக்கு மேல் சூரியன் இறங்கியது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார். "நம்ம பக்கம் கெளம்பறப்ப இருக்குற மாதிரியேதான் இருக்கு" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பிறகு இருட்டும்வரை அங்கிருந்து நகரவும் இல்லை.

அடுத்த வருஷம் மே மாதம், ஊரடங்கில், பீகாரின் தர்பங்காவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுமி காயம்பட்ட அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக் குருகிராமிலிருந்து 1,200 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தாள். நாடே கைதட்டியது. அப்பாவைச் சுமந்தால் ஒரு பெண் எத்தனை இரவு வேண்டுமானாலும் சாலையில் இருக்கலாம். அவர்களை அந்தச் சாலையில் விட்டது யார் என்று கேட்டவர்கள்தான் குறைவு.

சத்துணவுத் தோழியின் சைக்கிள் திருச்சியில் திண்ணையிலேயே கிடந்தது. லாரியில் போட்டு அனுப்புகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். பங்குனியில் ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் திருச்சி போனாள். டயருக்குக் காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, புதுக்கோட்டை வரை 50 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி வந்தாள். கீரனூரில் நிறுத்தி ஒரு கரும்புச் சாறு குடித்ததாகச் சொன்னாள். வழியில் கேட்டவர்களுக்கு என்ன சொன்னாய் என்றேன். "யாரும் கேக்கல, நான் நிக்கவே இல்லையே." வீட்டு வாசலில் இறங்கும்போது விளக்கு வைத்து வெகு நேரம் ஆகியிருந்தது. மாவுக்கு அரிசி ஊறப் போடாமல் எங்கே போனாய் என்று மாமியார் கேட்டாராம்.